யாரும் சமாளிக்கலாம்!

கேள்வி: என் மகள் 7ஆம் தரம். அவளுக்கு விஞ்ஞானம் எடுப்பவர் வரலாற்றுப் பட்டதாரி. அதிபரிடம் கேட்டேன். "கீழ் வகுப்புத்தானே, யாரும் சமாளிக்கலாம். விபுலானந்த அடிகள் என்ன பயிற்சி எடுத்துக்கொண்டா படிப்பித்தார்?" என்கிறார். 6 முதல் 9 வரை படிப்பிப்பவருக்கு அந்தந்தப் பாடத்தில் முறையான பயிற்சி வேண்டுமா, வேண்டாமா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அதிபருக்கு அவசரத் தகவல்: அடிகளாரும் பயிற்சி எடுத்தவர்தான். மயில்வாகனம் என்ற பெயரோடு கொழும்பில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர். அது போதாதென்று தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா, 1920இல் லண்டன் பி.எஸ்ஸி. தமிழுக்கும் சும்மா வரவில்லை. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பரீட்சை எழுதிப் பண்டிதரானார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானது அதற்குப் பிறகு, 1931இல். மட்டக்களப்பு மண் பெற்ற இந்த விஞ்ஞான வாத்தியாரைப் பயிற்சிக்கு எதிராகச் சாட்சிக்கு இழுக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

("காரைதீவு அம்பாறை மாவட்டம், திருத்துக" என்று ஒவ்வொரு முறையும் அஞ்சலட்டை போடும் கல்முனை வாசகர் பேனாவை மூடி வைக்கவும். அடிகளார் காரைதீவில் பிறந்தது 1892. அம்பாறை தனி மாவட்டமானது 1961.)

சரி, 'சமாளிக்கலாம்' என்றாரே, அதற்கு வருவோம். எங்கள் பள்ளிக்கூடங்கள் ஓடுவதே அதில்தான். விஞ்ஞான டீச்சர் மகப்பேற்று லீவு, வரலாற்று சேர் சமாளிக்கிறார். வரலாற்றைச் சங்கீத டீச்சர் சமாளிக்கிறார். சங்கீதத்தை விளையாட்டு சேர் சமாளிக்கிறார், விசில் கையில் இருப்பதால் சுருதி பிரச்சினை இல்லை. விளையாட்டைப் பிள்ளைகள் தாங்களே சமாளித்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒழுங்காக நடப்பது அது ஒன்றுதான். இத்தனை பேரும் சமாளித்து முடித்த பிள்ளை சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தைச் சமாளிக்காவிட்டால், "பிள்ளைக்குக் கவனம் காணாது, ரியூசனுக்கு விடுங்கள்" என்று உங்களைக் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

அந்த வரலாற்று சேரைக் கோபிக்க வேண்டாம். முதல் நாள் இரவு ஆசிரியர் கைந்நூலைப் பாடமாக்கி, மறுநாள் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டு, யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று நிற்கிற மனிதர் அவர். ஆய்வுகூட அலுமாரி பூட்டியே கிடக்கும், திறப்பு அதிபரிடம். திறந்தாலும் எந்தப் போத்தலை எடுப்பது என்று அவருக்குத் தெரியாது. பயந்து தொடாமல் விடுவது ஒருவகையில் நல்லது.

கீழ் வகுப்பு என்று இளக்காரமாகச் சொல்கிறார்களே, 'ஏன்' என்று வாய் ஓயாமல் கேட்கிற வயது அதுதானே! மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்க, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதோடு வைப்பார்கள். அது ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால், பாடம் தெரிந்தவர் மேசையில் காதை வைக்கச் சொல்லி, மறு முனையில் விரலால் தட்டிக் காட்டுவார். காற்றில் கேளாத தட்டல் பலகை வழியே கணீரென்று வரும். ஒலி திண்மத்தில் நன்றாகக் கடத்தப்படும் என்பது அதற்குப் பிறகு எழுத வேண்டிய வசனம். சமாளிப்பவர் வசனத்தை மட்டும் எழுதிப்போடுவார், அல்லது "அது சோதினைக்கு வராது, இரு" என்பார்.

ஆகவே, பயிற்சி வேண்டும். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் கல்வியியற் கல்லூரிகளை இதற்குத்தானே வைத்திருக்கிறார்கள்? இரண்டு வருடம் உள்ளே இருந்து படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி. பயிற்சி முடித்தவர்களிலும் கொப்பியைப் பார்த்து ஒப்பிப்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விஞ்ஞானத்துக்குப் பயின்றவரைக் கொண்டுபோய்க் குடியியல் எடுக்க விடுகிற நேர அட்டவணையை என்ன செய்வது?

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு நீங்கள் கட்டாயம் போங்கள். அந்த அட்டவணையில் ஒவ்வொருவரின் பெயருக்குப் பக்கத்திலும் அவர் எந்தப் பாடத்துக்குப் பயின்றவர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உடனே பேச்சை வாசல் வளைவுக்கு மாற்றுவார்கள். இந்தப் பக்கத்தில் வளைவுகளைப் பற்றி நான் எழுதி வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. ஒரு பழைய மாணவர் சங்கம் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. வளைவு கட்டட்டும், தடுக்காதீர்கள். மிஞ்சுகிற காசில் அந்த அலுமாரிக்கு இன்னொரு திறப்பு வெட்டச் சொல்லுங்கள்.