பள்ளிகளில் போதைத் தடுப்புக்கு ஒதுக்கும் நிதி எதற்குச் செலவாக வேண்டும்?

பள்ளிகளில் வன்முறையையும் போதைப் பழக்கத்தையும் தடுக்க அரசு நிதி ஒதுக்குவதால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 19 ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். பயன் உண்டு, ஆனால் அந்தப் பணம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும் ஓர் ஆளின் சம்பளமாகப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், எதைக் கேட்டாலும் வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினான். திமிர் என்று நினைத்து அதட்டினேன். அருகில் போன பிறகுதான், கீழுதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் ஒன்றை அடக்கி வைத்திருந்தது தெரிந்தது. அதை எடுத்த இடத்தில் ஈறு வெந்து வெளுத்திருந்தது. அதே வாரத்தில்தான் அவன் இன்னொரு மாணவனின் மண்டையை டிபன் பாக்ஸால் உடைத்திருந்தான். பெற்றோரை அழைத்து வரச் சொன்னோம், பாட்டிதான் வந்தார். நாளெல்லாம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக் கறை ஏறிய விரல்களைக் கூப்பி, "வூட்ல புள்ளகிட்ட பேச ஆளில்ல சார்" என்றார். வாரம் ஒரு மணி நேரம் அவனோடு பேச எங்களிடமும் ஆள் இல்லை. மறு ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரைதான். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவோ, சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

அமெரிக்காவில் பள்ளிகளில் போதைத் தடுப்புக்கு நிதி தரவென்றே 1986இல் தனிச் சட்டம் இயற்றி, 1994இல் வன்முறைத் தடுப்பையும் அதில் சேர்த்தார்கள். பெருந்தொகைதான், ஆயினும் ஏறக்குறைய எல்லாக் கல்வி மாவட்டங்களுக்கும் சிறுகச் சிறுகப் பிரித்ததில், பல இடங்களில் மாணவர் ஒருவருக்குச் சில டாலர்களே தேறின. சீருடைக் காவலர் வகுப்புக்கு வந்து பாடம் நடத்தும் திட்டம் நாடெங்கும் பரவியது. அதனால் நிலைத்த பலன் இல்லை என்று ஆய்வுகள் அடுத்தடுத்துக் கூறின. மாநிலங்களுக்கான அந்த மானியம் 2010ஆம் நிதியாண்டில் நின்றுபோனது.

தமிழகப் பள்ளிகளில் 2022 ஆகஸ்ட் 11 அன்று போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுத்தோம். அதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் உண்மையாகவே கை நீட்டிச் சொன்னார்கள். ஆனால் உறுதிமொழி ஐந்து நிமிடத்தில் முடிகிறது, பழக்கமோ மாதக் கணக்கில் இழுக்கிறது. அருகருகே உள்ள மூன்று பள்ளிகளுக்கு ஒரு முழுநேர உளவியல் ஆலோசகரை நியமித்து, விழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட்டு, நின்றுபோன பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று கணக்குக் கேட்டால், இதே பணம் வேலை செய்யும். இதை எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக எழுதி அனுப்பியிருக்கிறோம். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் எழுதி அனுப்புங்கள்.