யார்டெனி ஒய்2கே (2000-ம் ஆண்டுக் கணினித் தேதிக் கோளாறு) விஷயத்தில் தவறாகக் கணித்தார், சரி. அதனால் ஒய்2கே புருடா ஆகிவிடுமா?

"2000-ல் உலகமே பொருளாதார மந்தத்தில் விழும் என்று பயமுறுத்திய எட் யார்டெனி, அதற்கான வாய்ப்பு 40, 60, 70 சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே போனார், கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை. அப்போ ஒய்2கே புருடாதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள் போல. அவர் கணிப்பு சரியா, கோளாறு நிஜமா என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறீர்கள்.

யார்டெனி அப்போது டாய்ச்சே வங்கியின் பங்குச்சந்தைப் பிரிவில் தலைமைப் பொருளாதார நிபுணர். 1997 கடைசியில் 40 சதவீதம் என்றார். 1998 மார்ச்சில் 60, ஆண்டின் நடுவில் 70. 1973-74-ல் எண்ணெய் தடைப்பட்டதும் மந்தம் வந்ததே, தகவலும் எண்ணெய் மாதிரிதான், அது தடைப்பட்டாலும் அதே கதி என்பது அவர் வாதம். அந்தச் சதவீதங்கள் எந்தச் சூத்திரத்திலிருந்தும் வந்தவை அல்ல. அவருடைய கவலையின் அளவு, அவ்வளவுதான்.

கோளாறு என்னவோ நிஜம். கோபோல் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல்களில் வருடத்துக்கு இரண்டே இலக்கம். 1965-ல் பிறந்தவருக்கு 2000-ல் வயது கணக்கிட்டால் 00-லிருந்து 65 போக -65. விடையைச் சேமிக்கும் புலத்தை (ஒரு தகவலுக்கான இடம்) கழித்தல் குறி இல்லாமல் அறிவித்திருந்தால் குறி உதிர்ந்து 65 என்றே சேமிக்கும். 35 வயதுக்காரர் ஓய்வூதியப் பட்டியலில் ஏறிவிடுவார். நிரல் நிற்காது, பிழைச்செய்தியும் வராது. அதுதான் ஆபத்து.

முறையான பழுதுபார்ப்பு, வருடத்தை நான்கு இலக்கமாக்குவது. ஆனால் பதிவின் நீளம் இரண்டு எழுத்து கூடும், பின்னால் வரும் புலமெல்லாம் நகரும், அந்தக் கோப்பைத் தொடும் ஒவ்வொரு நிரலையும் மறுபடி கம்பைல் செய்ய (இயந்திர மொழிக்கு மாற்ற) வேண்டும். நேரம் இல்லாதவர்கள் 'விண்டோயிங்' செய்தார்கள்: 00 முதல் 49 வரை 20 சேர், 50 முதல் 99 வரை 19 சேர். சில வரிகளில் முடியும். இதையே பிறந்த தேதிக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 1935-ல் பிறந்த பாட்டி 2035-ல்தான் பிறப்பார். புலத்துக்குப் புலம் எல்லை வருடத்தை மாற்ற வேண்டும். பிறகு கடிகாரத்தைத் தள்ளிவைத்துச் சோதனை: டிசம்பர் 31 நள்ளிரவு மட்டும் போதாது, பிப்ரவரி 29-ம் பார்க்கணும். நூறால் வகுபட்டால் லீப் வருடம் இல்லை என்ற விதியோடு நின்றவர்கள், 400-ஆல் வகுபட்டால் லீப் வருடம்தான் என்ற விதிவிலக்கைக் கோட்டைவிட்டிருப்பார்கள்.

யார்டெனி கவனித்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எல்லாக் கோளாறும் ஒரே நள்ளிரவில் வெடிக்காது. காலாவதி 00 என்றிருந்த கிரெடிட் கார்டுகளைச் சில கடை இயந்திரங்கள் முன்பே மறுத்தன. ஜப்பான், கனடா, நியூயார்க் மாநிலம் ஆகியவற்றில் 2000-க்குள் நீளும் நிதியாண்டு 1999 ஏப்ரல் 1-லேயே தொடங்கியது. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களுக்கு ஜூலை 1. அந்த நாட்கள் பெரிய சேதமில்லாமல் கடந்தன. முன்னோக்கிக் கணக்கிடும் பட்ஜெட் நிரல்களுக்கு அதுவே ஒரு ஒத்திகை. அப்போதே அவர் சொன்ன சதவீதம் நன்றாக இறங்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. "நடந்து முடிந்தபின் யாரும் சொல்லலாம்" என்று கமெண்டில் வருவீர்கள். அந்தத் தேதிகள் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்தவைதானே சார். கணிப்பு தவறியதை அவர் பிறகு ஒப்புக்கொண்டார், அந்த அளவுக்கு மரியாதை உண்டு.

எரிச்சல் வேறொன்று. சென்னையிலும் பெங்களூரிலும் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தினவர்கள் வேலையைச் சரியாக முடித்ததாலேயே "சும்மா காசு பார்த்தார்கள்" என்று பேர். 2000 பிறந்த அன்றும் எல்லாம் தப்பிவிடவில்லை: அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் தரைநிலையம் தடுமாறியது, அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையதளம் வருடத்தை 19100 என்று காட்டியது.

அடுத்த தேதிக் கோளாறு 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07. பல கணினிகள் 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணும் குறியுள்ள 32 பிட் நொடிக்கணக்கு, தன் உச்ச எண்ணான 2147483647-ஐத் தொட்டு, அடுத்த நொடியில் 1901-க்குப் போய்விடும். அதற்கும் யாராவது சதவீதம் சொன்னால் விட்டுவிடுங்கள். 20 வருட வீட்டுக்கடனின் கடைசித் தவணைத் தேதியை உங்கள் மென்பொருள் சரியாகக் காட்டுகிறதா என்று இன்றே போட்டுப் பாருங்கள்.