சான்றிதழ் டர்பனுடையது, நீராவி லெனேசியாவுடையது

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் அருகேயுள்ள லெனேசியாவில் சிறிய பல் மருத்துவமனை நடத்துகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன்பு டர்பன் விற்பனையாளர் ஒருவரிடம் பழுதுபார்த்துப் புதுப்பித்த 18 லிட்டர் ஆட்டோகிளேவ் (நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கும் இயந்திரம்) வாங்கினேன். உறையிட்ட கருவிகள் ஈரமாகவே வெளிவருகின்றன. அளவுத்திருத்தச் சான்றிதழ் இருப்பதால் குறையே இல்லை என்கிறார் அவர். ஏற்கலாமா?

பதில்: ஏற்க வேண்டாம். வெப்பமானியும் அழுத்தமானியும் காட்டும் எண் உண்மையான அளவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை மட்டுமே அளவுத்திருத்தம் சொல்லும். அறைக்குள் இருக்கும் நீராவியின் தரத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

அந்த எண்ணும்கூட ஊர் மாறினால் பொருள் மாறலாம். காற்றுக் கலப்பில்லாத நிறைவுற்ற நீராவி 134 பாகை செல்சியசில் நிற்க, முழு அழுத்தம் ஏறக்குறைய 304 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும். கடலோர டர்பனில் வெளிக்காற்றின் பங்கே 101 என்பதால், அதைக் கழித்துக் காட்டும் மானியில் 203 வந்தால் போதும். ஜோகன்னஸ்பர்க் மேட்டுநிலத்திலோ வெளிக்காற்றழுத்தம் சுமார் 83தான். எனவே டர்பனில் வைத்த அதே 203இல் இயந்திரம் அழுத்தத்தை மட்டும் பார்த்து ஓடினால், முழு அழுத்தம் 286இல் முடிந்து, நீராவி 132 பாகையை ஒட்டியே நின்றுவிடும். முழு அழுத்தத்தை நேரடியாக அளக்கும் உணரி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எதுவாயினும், இயந்திரத்தை நிறுவிய இடத்திலேயே, சானாஸ் (தென்னாப்பிரிக்கத் தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தைக் கொண்டு மீண்டும் அளவிடச் செய்யுங்கள். திருத்துவதற்கு முன் கண்ட அளவையும் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஈரத்துக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். தட்டில் உறைகளை நெருக்கி அடுக்கியிருக்கலாம். வெற்றிடப் பம்பு தளர்ந்து, உலர்த்தும் கட்டம் பயனற்றுப் போயிருக்கலாம். அறை காலியாகவும் உலர்ந்தும் இருக்கையில் கசிவுச் சோதனையை ஓட்டிப் பாருங்கள்: நிமிடத்துக்கு 1.3 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் ஏறினால், காற்று உள்ளே புகுகிறது என்று பொருள். தண்ணீரையும் கவனியுங்கள். சிறிய நீராவிக் கிருமிநீக்கிகளுக்கான ஐரோப்பியத் தரநிலையான இ.என். 13060, ஊற்றும் நீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 15 மைக்ரோசீமென்சைத் தாண்டலாகாது என்கிறது. குழாய்த் தண்ணீரை ஊற்றினால், கெட்டிலின் அடியில் காணும் அதே வெண்படலம்தான் அறைச் சுவரிலும் படியும்.

இந்தச் சோதனைகளில் குறை தெரிந்தால், 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை. பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள், விற்றவர் செலவிலேயே திருப்பி அனுப்பலாம். பழுதுபார்ப்பதா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், அவரல்ல. மருத்துவமனை நிறுவனமாகப் பதிவாகி, அதன் சொத்தோ ஆண்டு வரவோ 2 மில்லியன் ராண்டை எட்டியிருந்தால் மட்டும் இந்த உரிமை கிடையாது; அப்போது விற்பனை ஒப்பந்தத்தைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. சோதனைத் தாள்களை இணைத்து, இந்த வாரமே அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.