ஆல்ஃபா 0.91 வந்தால் போதுமா? உளவியல் ஆய்வு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, ஆய்வேட்டை முடிக்கும் அவசரத்தில் இருப்பவர்கள் அனுப்பியவை. அந்த அவசரம் எனக்குப் புரியும். ஆனாலும் நமக்காக நேரம் ஒதுக்கிப் பதில் சொல்ல உட்காரும் பங்கேற்பாளரை நினைத்துக்கொண்டுதான் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தேர்வுப் பதற்றத்தை அளக்க நானே ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். கிரான்பாக் ஆல்ஃபா 0.91. அப்புறமும் கைடு, ‘ஏற்புடைமைக்கு என்ன சான்று?’ என்கிறார். இது போதாதா?

போதாது. கைடு கேட்பது நியாயம்தான். உங்கள் கேள்விகளுக்கு வரும் பதில்கள் ஒன்றோடொன்று எந்த அளவு சேர்ந்து போகின்றன என்பதைத்தான் ஆல்ஃபா சொல்லும். எதை அளக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. அளக்க நினைத்ததைத்தான் தாள் அளக்கிறதா என்பதுதான் ஏற்புடைமை. நீங்கள் அனுப்பிய தாளில் 4-ஆவது கேள்வி ‘நெஞ்சு படபடக்கிறது’, 7-ஆவது ‘இதயம் வேகமாகத் துடிக்கிறது’, 11-ஆவது ‘படபடப்பு அடங்குவதில்லை’. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டால் ஆல்ஃபா ஏறத்தான் செய்யும்.

‘தோற்றுவிடுவேன் என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்பது போன்ற கேள்வி ஒன்றுகூட உங்கள் தாளில் இல்லை. தேர்வுப் பதற்றத்தில் மனக்கவலை வேறு, உடலில் தெரியும் படபடப்பு வேறு என்று லீபர்ட், மாரிஸ் என்ற ஆய்வாளர்கள் 1967-லேயே பிரித்துக் காட்டிவிட்டார்கள். உங்கள் தாள் பின்னதை மட்டும் பிடிக்கிறது. எதற்கெடுத்தாலும் பதறுகிறவரும் இதில் அதிக மதிப்பெண் வாங்கிவிடுவார்.

முதலில் ஐந்தாறு பேரை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு, ஏற்கெனவே சோதித்துப் பார்த்த தேர்வுப் பதற்ற அளவுகோல் ஒன்றையும் பொதுப் பதற்ற அளவுகோல் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். முதலாவதோடு உங்கள் தாள் நெருக்கமாகவும், இரண்டாவதோடு அதைவிடக் குறைவாகவும் ஒட்டவேண்டும். 1951-இல் ஆல்ஃபா பற்றி எழுதிய அதே கிரான்பாக்தான், 1955-இல் மீல் என்ற உளவியலாளரோடு சேர்ந்து கருத்தாக்க ஏற்புடைமை (பதற்றம் போல நேரில் பார்க்க முடியாத ஒன்றை அளவுகோல் உண்மையிலேயே அளக்கிறதா என்பது) பற்றியும் எழுதினார். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று அவரே நினைக்கவில்லை.

கேள்வி: பி மதிப்பு 0.06 வந்துவிட்டது. இன்னும் 20 பேரைச் சேர்த்துப் பார்க்கலாமா?

இப்போது கூடாது. உண்மையில் விளைவே இல்லை என்றாலும் இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. அது 0.05-க்குக் கீழே இருந்தால்தான் வழக்கமாக ‘விளைவு உண்டு’ என்பார்கள். முடிவைப் பார்த்துவிட்டு ஆட்களைச் சேர்ப்பதும், மறுபடி பார்ப்பதும், 0.05-க்குக் கீழே இறங்கியதும் நிறுத்துவதும் ஒன்றும் இல்லாத இடத்தில் ‘விளைவு’ கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டிவிடும். 2011-இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆய்வாளர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் இப்படிப்பட்ட நான்கு சலுகைகளை ஒன்றாக எடுத்துக்கொண்டால், 5 சதவீதமாக இருக்கவேண்டிய தவறான முடிவு ஏறத்தாழ 61 சதவீதம் ஆகிவிடுகிறது. ஒரு பாட்டைக் கேட்டவர்களின் வயதே ஓராண்டுக்கு மேல் குறைந்துவிட்டதாக அந்தக் கட்டுரையிலேயே ‘நிரூபித்தும்’ காட்டினார்கள்.

0.06-ஐ 0.06 என்றே எழுதுங்கள், விளைவின் அளவையும், அது எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பக இடைவெளியையும் சேர்த்து. அடுத்த ஆய்வுக்கு எத்தனை பேர், எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: பங்கேற்பாளர்கள் எல்லாரும் கல்லூரி மாணவர்கள். தப்பா?

தப்பில்லை. தலைப்பில் ‘மனிதர்கள்’ என்று போடாமல் ‘கல்லூரி மாணவர்கள்’ என்று போடுங்கள்.

கேள்வி: ஆய்வின் உண்மையான நோக்கத்தை முதலிலேயே சொன்னால் முடிவு கெட்டுவிடும். மறைக்கலாமா?

சில ஆய்வுகளில் மறைக்காமல் முடியாது. நெறிமுறைக் குழு அனுமதித்தால் மறைக்கலாம். ஆனால் வலி, கடுமையான மன உளைச்சல் போன்றவை வரும் என்றால் அதை மறைக்கவே கூடாது. மில்கிராம் 1963-இல் வெளியிட்ட சோதனையில், கட்டளைக்குப் பணிந்து இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிய (உண்மையில் அதிர்ச்சி எதுவும் போகவில்லை) 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்பதுதான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அவர்கள் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், நாக்குழறினார்கள் என்பதும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. பலருக்கு மாதக்கணக்கில் முழு உண்மை சொல்லப்படவில்லை என்பது, பின்னாளில் ஆவணங்களைத் துருவியபோது தெரிந்தது. உங்கள் ஆய்வில் பங்கேற்பாளர் எழுந்து போவதற்கு முன்பே, எதை மறைத்தீர்கள், ஏன் மறைத்தீர்கள் என்று நேரில் சொல்லுங்கள். கேட்டபிறகு ‘என் பதிலை எடுத்துவிடுங்கள்’ என்றால் எடுத்துவிடவேண்டும்.

கேள்வி: பெயர் கேட்காமல் ஆன்லைனில் பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளைக் கொடுத்தோம். ஒருவர் 9-ஆவது கேள்விக்கு ‘கிட்டத்தட்ட தினமும்’ என்று குறித்திருக்கிறார். யாரென்று தெரியவில்லை. என்ன செய்வது?

உங்கள் கடிதங்களில் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. இறந்துபோனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றுகிறதா என்று கேட்கும் இடம் அது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்டுவிட்டுப் பதில் வந்ததும் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பதுதான் சிக்கல்.

உடனே கைடுக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவியுங்கள். இணைப்பை இன்றைக்கே நிறுத்துங்கள். அழைப்பு போன வழியாகவே எல்லாருக்கும், உதவி எண்களோடு ஒரு செய்தி அனுப்புங்கள். குறித்தவர் யார் என்று கண்டுபிடிக்கக் கிளம்பாதீர்கள். பெயர் தெரியாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

மறுபடி தொடங்கும்போது இரண்டு வழி உண்டு. அந்தக் கேள்வி இல்லாத பிஎச்க்யூ-8-ஐக் கொடுக்கலாம். அந்தக் கேள்வி வேண்டியே தீரும் என்றால், தொடர்பு எண் வாங்கி, ஆபத்து தெரிந்தால் அழைப்போம் என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதி, அன்றன்றே பதில்களைப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் உதவி எண்கள் கடைசிப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியட்டும், 9-ஆவது கேள்விக்கு ‘இல்லவே இல்லை’ என்று குறித்தவருக்கும்கூட.