நிலத்தை விற்கும் முன் அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா?

மேற்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்கக் கரூரிலிருந்து வந்திருந்தார்கள்: அப்பா, அம்மா, பெண், கூடவே பெண்ணின் தாய்மாமா. நால்வரில் பெண் மட்டும் வாயே திறக்கவில்லை. இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை. இப்போது இரண்டு ஏக்கரை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ப்பதா, மூன்றாம் முறை எழுதவிடுவதா என்று கேட்டார்கள். அம்மாவின் கண் கலங்கியது, முதலில் ஆறுதல்தான் சொன்னேன். அப்புறம் பெண்ணிடம், பிளஸ் டூவில் எது பிடித்தது என்று கேட்டேன். "டைட்ரேஷன் சார், ஒரே சொட்டுல கலர் மாறும்ல, அதுக்காகக் காத்துக்கிட்டே இருப்பேன்" என்றாள்.

சரி, ஆறுதலை விடுவோம். நிலத்தை விற்காதீர்கள். மாமா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஐந்தரை வருஷம் படிக்கப்போவது அவர் இல்லை.

சொட்டுக்காகக் காத்திருக்கிற பிள்ளைக்கு யாரும் சொல்லாத ஒரு வேலை இருக்கிறது: யுரேனியத்தின் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அதன் அணு வகைகள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று அளப்பது. இயற்கை யுரேனியத்தில் 235 என்ற வகை வெறும் 0.72 சதவீதம், மீதி கிட்டத்தட்ட முழுக்க 238. 235-ன் பங்கைக் கூட்டுவதுதான் செறிவூட்டல்; பெரும்பாலான அணு மின்நிலையங்களுக்கு 3 முதல் 5 சதவீதம் போதும். அது ஏறிக்கொண்டே போனால் அணுகுண்டுக்காகவோ என்று உலகம் கவலைப்படும். ஒரு நாடு சொல்லும் கணக்கு உண்மைதானா என்று பார்க்க, சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் ஆலைக்குள் பருத்தித் துணியால் துடைத்து எடுத்துவருவார்கள். அதில் ஒட்டியிருக்கும் துகள் ஒரு மைக்ரான் இருந்தாலும் போதும், வியன்னா அருகே சைபர்ஸ்டார்ஃபில் உள்ள ஆய்வகம் அது எவ்வளவு செறிவூட்டப்பட்டது என்று சொல்லிவிடும்.

துகளாக இல்லாமல் கொஞ்சம் பொருள் கிடைத்தால் வேறு முறை. அமிலத்தில் கரைத்து, சுத்தமாகப் பிரித்து, ஒரு சொட்டை ரீனியம் என்ற உலோக இழையில் காயவைத்து, கருவிக்குள் வெற்றிடத்தில் சூடேற்றினால் மின்னேற்றம் பெற்ற அணுக்கள், அதாவது அயனிகள், கிளம்பும்; காந்தம் வளைக்கும்போது 235 கொஞ்சம் அதிகமாக வளைந்து தனிக் கிண்ணத்தில் போய் விழும். ஆனால் இழை சூடாகும்போது லேசானது முந்திக்கொண்டு ஆவியாவதால் விகிதம் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் விகிதம் தெரிந்த பொருளையும் அதேபோல் அளந்து திருத்த வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஆகவே ஆகாது.

1972-ல் பிரான்சின் பியர்லாட் யுரேனிய ஆலையில் இப்படி அளந்தபோது, 235-ன் பங்கு 0.720 சதவீதம் வரவேண்டிய இடத்தில் 0.717 வந்தது. அந்தச் சின்னக் குறையைத் துரத்திப் போனவர்கள் காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத்தில், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் 235-ஐ எரித்துத் தானாகவே ஓடிய இயற்கை அணு உலையைக் கண்டுபிடித்தார்கள். இதைச் சொன்னபோதுதான் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வழி? புவனேஸ்வரத்தில் நைசர், மும்பையில் சி.இ.பி.எஸ்., இரண்டுமே அணுசக்தித் துறை சார்ந்த அறிவியல் கல்வி நிறுவனங்கள், ஐந்தாண்டு எம்.எஸ்சி., நுழைய நெஸ்ட் தேர்வு. தேர்வாகிறவர்களுக்குத் திஷா திட்டத்தில் ஆண்டுக்கு 60,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆனால் நீட் முடிவு வரும்வரை உட்கார்ந்திருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும், பிளஸ் டூ முடித்த ஆண்டுக்கும் வரம்பு உண்டு. உங்கள் பெண்ணுக்கு இந்த ஆண்டு தவறிவிட்டது. பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேருங்கள், தகுதி இருந்தால் அங்கிருந்தே அடுத்த நெஸ்ட்டை எழுதட்டும். இல்லாவிட்டால் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி., பிறகு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் (பார்க்) பயிற்சிப் பள்ளி. அங்கே சம்பளம் போல உதவித்தொகை தந்துதான் படிக்கவைக்கிறார்கள், பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 26. மூன்றாவது நீட், நான்காவது நீட் என்று போனால் இந்தக் கணக்கு உதைக்கும்.

இடங்கள் குறைவுதான், மறைக்கவில்லை. வியன்னாவில் நாற்காலி காத்திருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் இதே கருவியில் கை பழகினால் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்திலோ ஹைதராபாத் புவி இயற்பியல் நிறுவனத்திலோ பாறைக்கு வயது கணிக்கிற வேலைக்கும் அது உதவும்.

கதிர்வீச்சு பற்றி அம்மா கேட்டார். இழையில் வைப்பது மைக்ரோகிராம் கணக்கில்தான் அம்மா. விற்கப் பார்ப்பதோ இரண்டு ஏக்கர்.