கிட்டுவின் வயிறு – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பூனை செவலையைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததைப் படித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கிட்டு என்று ஒரு பூனை. கருப்பு வெள்ளை, ஐந்து வயது, ஒரு மழை நாளில் குட்டியாக வீட்டுக்குள் வந்தவன். எட்டு மாதத்தில் கருத்தடை செய்தோம். இப்போது 8.1 கிலோ. முதலில் ஐந்தரைக்குக் கொண்டுவாருங்கள் என்கிறார் கால்நடை மருத்துவர். எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. மாமா காலையில் காபிக்குக் காய்ச்சிய பாலில் அரைத் தம்ளர் ஆற்றிக் கொடுக்கிறார். மீன்காரம்மா வந்தால் அத்தை எடுக்கும் முதல் சாளை அவனுக்குத்தான். மகன் பிஸ்கட் போடுவான். நான் பாக்கெட் தீனி. விடியற்காலை நாலரைக்குக் கத்த ஆரம்பித்தால் யாராவது எழுந்து போட்டால்தான் நிறுத்துவான், போடாவிட்டால் அலமாரியில் இருப்பதை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவான். போன மாதம் தீனியைப் பாதியாகக் குறைத்தேன். "வாயில்லாத ஜீவன் வயித்துல அடிக்கிறியே, பாவம் சும்மா விடாது" என்று சொல்லி அத்தை அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. நான் செய்வது பாவமா அக்கா?

– ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். பாவம் இல்லை. ஆனால் உங்கள் அத்தை சொன்னதில் பாதி சரி, அதைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் இதில் இறங்கக் கூடாது. பருத்த பூனையைப் பட்டினி போடவே கூடாது. நாய் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தால் சமாளித்துக்கொள்ளும். பூனையின் உடம்பு அப்படி இல்லை, இரண்டு மூன்று நாள் வயிறு காலியாக இருந்தால் உடம்பில் சேர்ந்த கொழுப்பெல்லாம் ஈரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும், கண்ணும் காதின் உட்புறமும் மஞ்சளாகும், கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். பூனை எவ்வளவு பருமனோ ஆபத்தும் அவ்வளவு அதிகம். அதனால் "பசித்தால் தானாகத் தின்பான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கிட்டு ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு இறங்கினால் போதும், அவனுக்கு அது இப்போது எண்பது கிராம், எடை இறங்க இறங்க அதுவும் குறையும். அந்தக் கணக்கில் ஐந்தரைக்கு வர ஒன்பது மாதம் ஆகும். ஆகட்டும்.

இனி மற்ற பாதி. கிட்டு பசியில் கத்தவில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கருத்தடை செய்த பூனைக்குச் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும், ஆனால் சாப்பிடும் ஆசை கூடும், இது அவன் குற்றமும் இல்லை உங்கள் குற்றமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு பூனைக்கு நாளெல்லாம் சேர்த்து 200 முதல் 250 கலோரி போதும். மாமா கொடுக்கும் அரைத் தம்ளர் கெட்டிப் பாலில் மட்டும் எண்பது கலோரிக்கு மேல் இருக்கிறது. அதாவது நாம் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேல் இன்னொரு முழுச் சாப்பாட்டைத் தினமும் சாப்பிடுவதற்குச் சமம். இதில் வருத்தம் என்னவென்றால், பாலே பூனைக்குத் தேவையில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் போய்விடுகிறது. மகன் போடும் பிஸ்கட்டும் அப்படித்தான், பூனைக்கு இனிப்பே தெரியாது, இனிப்பை உணரும் மரபணு அதற்கு வேலை செய்வதில்லை என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். பிறகு ஏன் வாங்கித் தின்கிறான்? உங்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையால் கொடுக்கிறான் அல்லவா, அதற்காகவும்தான் என்று நான் நினைக்கிறேன்.

அந்த நாலரை மணிக் கத்தலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வளர்ந்த பூனைகள் ஒன்றையொன்று பார்த்து மியாவ் என்று கத்துவது அபூர்வம், அந்தக் குரல் பெரும்பாலும் மனிதர்களுக்கென்றே வைத்திருப்பது. சாப்பாடு கேட்கும்போது வரும் குறுகுறுப்புச் சத்தத்துக்குள் கைக்குழந்தையின் அழுகையை ஒத்த ஒரு கீச்சு ஒளிந்திருக்கிறது என்று 2009இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து சொன்னார்கள், பூனையே வளர்க்காதவர்களுக்குக்கூட அது அவசரக் குரலாகப் பட்டதாம். அப்படியானால் பிள்ளை பெற்று வளர்த்த உங்கள் அத்தையால் எப்படிப் படுத்திருக்க முடியும்? அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கிட்டுவையும் பிடிவாதக்காரன் என்று சொல்லாதீர்கள். கத்தினால் வரும், கத்தியும் வராவிட்டால் எதையாவது தள்ளினால் வரும் என்று நாலு பேர் சேர்ந்து ஐந்து வருடமாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள், அவன் அதை நன்றாகப் படித்திருக்கிறான்.

செவலையின் கதையில் முன்பு எழுதாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அவன் 7.4 கிலோ இருந்தான். வயிறு தரையைத் தொட நடப்பதைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினோம். முதுகின் பின்பக்கம் முடி சிக்குப் பிடித்துப் பொடுகு தட்டியபோது சோம்பேறி என்று சொன்னோம், அவன் நாக்கு அங்கே எட்டவில்லை என்பது எங்களுக்குப் புரியவில்லை. ஜன்னல் திண்டுக்குத் தாவப் பார்த்து, பாதியில் நிறுத்தி, சும்மா நின்றதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வான். மூட்டு வலியைப் பூனை காட்டிக்கொள்ளாது. அப்புறம் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான், குளியலறை வாளியில் தலையை விட்டுக் குடித்துக்கொண்டே இருப்பான், மணல் தட்டு எப்போதும் நனைந்திருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை வியாதி.

அவனுக்கு ஒளித்து ஒளித்துப் போட்டது அப்பா. நான் தீனி டப்பாவைப் பூட்டி வைத்தேன், அவர் தெருமுனைக் கடையில் தனியாக வாங்கி அலமாரியில் வேட்டிக்கு அடியில் வைத்தார். கண்டுபிடித்த அன்று நான் பேசிய வார்த்தைகள் இன்னும் எனக்கு உறுத்துகின்றன. நாலு நாள் பேசாமல் இருந்தோம். மருத்துவர் சர்க்கரை என்று சொன்ன அன்று ஆட்டோவில் வரும்போதும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு திணறுவதைப் பார்த்துவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். அவர் பதினைந்து வருடமாகத் தனக்குத் தானே இன்சுலின் போட்டுக்கொள்பவர். "எனக்குத் தெரியும் இது, நீ அவன் தலையைத் தடவு" என்றார். பிடரித் தோலை மெதுவாகக் கூடாரம்போலத் தூக்கிப் போட்டுவிட்டார், செவலைக்குத் தெரியவே இல்லை. காலையில் ஒரு யூனிட், மாலையில் ஒரு யூனிட். தன் சர்க்கரைக் கணக்கு நோட்டிலேயே பக்கத்தில் ஒரு கோடு போட்டு அவனுடையதையும் எழுதினார். அன்றிலிருந்து ஒரு துண்டு அதிகமாகப் போடவில்லை. சரியான சாப்பாட்டோடு ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் சில பூனைகளுக்கு ஊசியே வேண்டாத நிலை வரும். செவலைக்கு நாலாவது மாதத்தில் வந்தது.

டப்பாவைப் பூட்டியதுதான் என் தவறு என்று எனக்கு அப்போது புரிந்தது. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அப்பாவைத் தேடி வந்து, எனக்குக் கொடு என்று கேட்டது அவன் ஒருவன்தான். நான் பூட்டியது அந்த உறவை. உங்கள் அத்தையும் மாமாவும் போடுவதை நிறுத்தவே முடியாது, நிறுத்தச் சொல்லவும் கூடாது என்பது என் எண்ணம். போடுவதை எல்லாம் ஒரு கையில் சேர்க்க வேண்டும், அந்தக் கை அத்தையுடையதாக இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள், நீங்களாகப் பாதியாக்க வேண்டாம், அளவு குறையும்போது சத்தும் சேர்ந்து குறைந்துவிடும். சமையலறைத் தராசில் காலையில் நிறுத்து ஒரே டப்பாவில் போட்டு அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு யார் கிட்டுவுக்கு எதைப் போட ஆசைப்பட்டாலும் அத்தையிடம் கேட்டு அந்த டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். சாளையை நிறுத்த வேண்டியதில்லை, அது அவனுக்கு நல்லதுதான். உப்பில்லாமல் வேகவைத்து முள்ளெடுத்து ஒரு சிறு துண்டு, அதற்கு ஈடாகத் தீனியைக் குறைத்துக்கொள்ளலாம். பச்சையாக வேண்டாம். குழம்பில் கிடந்த மீன் வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கருவாட்டில் உப்பு அதிகம், அதுவும் வேண்டாம். பாக்கெட்டில் வரும் ஈரத் தீனிக்கு மாற முடிந்தால் மாறுங்கள், அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், அதே கலோரிக்கு வயிறு நிறையும்.

காட்டில் இருந்தால் பூனை நாளைக்கு ஏழெட்டு எலி பிடிக்கும், எலிக்கு ஏறக்குறைய முப்பது கலோரி. சிறிது சிறிதாகப் பல தடவை சாப்பிடுவதுதான் அதன் வழக்கம், இரண்டு தடவை கிண்ணம் நிறையப் போடுவது நம் வழக்கம். டப்பாவில் உள்ளதை ஐந்தாறு பங்காக்கி, ஒரு பங்கை முட்டை அட்டையின் குழிகளிலும் சிரட்டைக்கு அடியிலும் உங்கள் மகனை ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். கிட்டு தேடி நடப்பான், மகனுக்கும் பிஸ்கட்டை விட இது பிடித்துப்போகும். மாமாவுக்குக் காலையில் பால் ஆற்றும் நேரத்தில் ஒரு சீப்பு கொடுங்கள். முதுகில் அவனுக்கு எட்டாத இடமெல்லாம் வாரிவிடட்டும்.

நாலரை மணிக்கு யாரும் எழுந்திருக்காதீர்கள், அத்தையிடமும் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் பங்கை இரவு பதினொன்றுக்குப் போடுங்கள், காலைப் பங்கைக் கண் விழித்ததும் போடாமல் அரைமணி நேரம் கழித்துப் போடுங்கள். முதல் வாரம் முன்பைவிட அதிகமாகக் கத்துவான், அலமாரியில் உடையக்கூடியதை எல்லாம் இறக்கி வைத்துவிடுங்கள். ஆறு நாள் தாங்கிவிட்டு ஏழாம் நாள் எழுந்து போட்டால், ஏழு நாள் கத்தினால் வரும் என்று அவன் கற்றுக்கொள்வான். அந்த ஒரு வாரம்தான் கஷ்டம். எனக்கு எட்டு நாள் ஆனது, ஒன்பதாம் நாள் ஆறரைக்கு எழுந்தபோது செவலை என் கால்மாட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

எடை பார்க்க அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில். எழுதி வைக்கும் நோட்டும் அத்தையிடமே இருக்கட்டும். முதல் மாதம் முந்நூறு கிராம் இறங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள். இறங்காவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா