கட்டெறும்பு வளர்க்க முதலில் ராணி வேண்டும்

கேள்வி: புற்றுக்குள் எறும்புகள் என்ன செய்கின்றன என்று பார்க்க என் பத்து வயது மகளுக்கு ஆசை. கேட் ஓரத்திலும் முருங்கை மரத்தடியிலுமாக ஐம்பது கட்டெறும்புகளைப் பிடித்து, ஈர மண் நிரப்பிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டோம். சர்க்கரையும் போட்டோம். மறுநாளே பாதி செத்துக் கிடந்தன. மீதி இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. எங்கே தப்பு?
- வாசகி, மதுரை

பதில்: மறுநாள் செத்தவை பெரும்பாலும் சண்டையில் செத்திருக்கும். கேட் ஓரத்துக் கட்டெறும்பும் முருங்கையடிக் கட்டெறும்பும் பார்க்க ஒன்றுதான். ஆனால் புற்றுக்குப் புற்று உடல் வாசனை வேறு. வாசனை மாறினால் எதிரி. திறந்தவெளியில் விலகி ஓடியிருக்கும், பாட்டிலில் ஓட இடமில்லை.

மீதிக்கு ராணி இல்லை. அமெரிக்காவில் 1956-இல் விற்பனைக்கு வந்த ‘ஆன்ட் ஃபார்ம்’ பொம்மையிலும் இதே கதைதான். வேலைக்கார எறும்புகள் மட்டும் வரும், சில வாரம் சுரங்கம் தோண்டும், ஒவ்வொன்றாகச் சாகும். ஒரு குடும்பம் வளர்வதைப் பார்க்க வேண்டுமானால் ராணியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்காகப் புற்றை வெட்டாதீர்கள். ராணி ஆழத்தில் இருப்பாள், கிடைப்பதற்குள் புற்றே நாசமாகிவிடும்.

மழை விட்ட மாலையில் வெளிச்சத்தைத் தேடிப் பறந்து வருபவற்றில் சிறகுள்ள புது ராணியைத் தேடுங்கள். ஈசலை ராணி என்று எடுத்துவிடக் கூடாது. ஈசல் கறையான் இனம். நான்கு சிறகும் ஒரே நீளம், இடுப்பே கிடையாது. எறும்புக்கு முன்சிறகு நீளம், இடுப்பு ஒடுங்கியது, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். கட்டெறும்பு ராணி ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாது, முதுகு புடைத்திருக்கும். சிறகை உதிர்த்துவிட்டுத் தரையில் அலைபவள் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் இணை சேர்ந்தவளாக இருப்பாள். அந்த ஒரு நாள் சேர்க்கையே அவள் ஆயுள் முழுக்க முட்டையிடப் போதும்.

ஒரு டெஸ்ட் டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, அதைத் தொடும்படி பஞ்சை இறுக்கி அடையுங்கள். ராணியை விட்டு, வாயிலும் பஞ்சு வையுங்கள். கறுப்புக் காகிதம் சுற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். சாப்பாடு? வேண்டாம். இனிப் பயன்படாத சிறகுத் தசைகளைக் கரைத்தே தன்னையும் முதல் குஞ்சுகளையும் வளர்ப்பாள். வாரம் ஒருமுறைக்கு மேல் எட்டிப் பார்க்கக் கூடாது. என் முதல் ராணியைத் தினமும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மிரண்டுபோய் இட்ட முட்டைகளைத் தானே தின்றுவிட்டாள். பத்து வயதுக் குழந்தையை அலமாரிப் பக்கம் போகாமல் தடுப்பதுதான் இதில் பெரிய வேலை!

முதல் வேலைக்காரர்கள் வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். இடையில் பழுப்பு நிறக் கூடுகள் தெரியும். ‘எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை’ என்கிறோமே, அப்போது வாயில் கவ்விப் போவது பெரும்பாலும் இந்தக் கூட்டுப்புழுக்களும், முட்டையிலிருந்து வந்த புழுக்களான லார்வாக்களும்தான். நிஜ முட்டை மிகச் சின்னது.

வேலைக்காரர்கள் வந்ததும் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரும், அடித்த கொசு ஒன்றும் போதும். சர்க்கரை மட்டும் போதாது. லார்வாக்கள் வளரப் புரதம் வேண்டும். மருந்தடித்துச் செத்த கரப்பானைப் போட்டால் குடும்பமே காலி. இருபது முப்பது பேர் சேர்ந்த பிறகு, இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு விரல் கனத்துக்கு மண் நிரப்பி அதில் மாற்றலாம். மண்ணில் ஒரு ஓரத்தை மட்டும் ஈரமாக வையுங்கள். எங்கே இருப்பது என்பதை அவை தேர்ந்துகொள்ளும். முழுதும் நனைத்தால் பூஞ்சை பிடிக்கும், சுரங்கம் இடியும்.

தப்பாமலிருக்கப் பாட்டி வைத்தியம்தான்: சோற்றுப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதுபோல் கூட்டைத் தட்டில் வையுங்கள். எறும்பு சாக்பீஸால் கோடு போட்டுவிடாதீர்கள், அது பூச்சிமருந்து. கட்டெறும்புக்குக் கொடுக்கு இல்லை. கடித்து, அமிலம் பீச்சும், அவ்வளவுதான். கொட்டும் சிவப்பு எறும்புகளைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

வேறு ஊர் எறும்பை வாங்கவும் வேண்டாம். திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைப் பகுதியில் 2022-இல் ஆடுமாடுகளையும் மக்களையும் படுத்திய மஞ்சள் பைத்தியக்கார எறும்பு, வெளியிலிருந்து வந்து பெருகும் எறும்புகளில் உலகெங்கும் பெயர்பெற்றது. உங்கள் ராணி ஒரு மாதமாகியும் முட்டையிடாவிட்டால், பிடித்த அதே இடத்தில் விட்டுவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருங்கள்.